மலிவாகக் கொடுத்தால் விற்றுவிடுமா?

"உலகிலேயே மலிவான போர்டு!" என்று இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது யாராவது கிளம்பி வந்துவிடுகிறார்கள். அடுத்தவன் 10 டாலருக்குக் கொடுப்பதை 5 டாலருக்குத் தருகிறோம், பொழுதுபோக்காக எலெக்ட்ரானிக்ஸ் நோண்டுகிறவர்கள் எல்லாம் வரிசையில் நின்று வாங்கப் போகிறார்கள் என்று ஒரு கணக்கு. கணக்குப் போடுகிறவர்கள் பெரும்பாலும் என்ஜினியர்கள். சிப் விலை இவ்வளவு, பி.சி.பி. இவ்வளவு, அசெம்பிளிக் கூலி இவ்வளவு என்று பைசா சுத்தமாகப் போட்டுவிடுவார்கள். வாங்குகிறவர் யார், வீட்டுக்குக் கொண்டுபோய் முதல் நாள் சாயங்காலம் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்ற வரி மட்டும் அந்த எக்ஸெல் ஷீட்டில் இருக்காது.

பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். மைக்ரோகண்ட்ரோலர் என்பது ஒரே சில்லுக்குள் அடங்கிய குட்டிக் கம்ப்யூட்டர். வாஷிங் மெஷின், டி.வி. ரிமோட், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாவற்றிலும் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. வெறும் சில்லாக வாங்கினால் அதற்குள் புரோகிராமை ஏற்றத் தனிக் கருவி வேண்டும், மின்சாரம் கொடுக்க சர்க்யூட் வேண்டும். இதையெல்லாம் ஒரே அட்டையில் சேர்த்து, யு.எஸ்.பி. ஒயரைச் செருகினால் போதும் என்று செய்து கொடுப்பதுதான் ஹாபி போர்டு. மோட்டாரை ஓட விடலாம், தொட்டிச் செடிக்குத் தண்ணீர் விடலாம், வாசலில் ஆள் வந்தால் மணி அடிக்க வைக்கலாம்.

விலைதான் எல்லாம் என்கிறவர்கள் 2010-ஆம் வருடத்தைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும். அந்த ஜூன் மாதம் டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் 'லாஞ்ச்பேட்' என்று ஒரு போர்டை விட்டது. விலை 4 டாலர் 30 சென்ட். உள்ளே இருந்த சில்லின் பெயர் எம்.எஸ்.பி.430, அதனால் விலையும் 4.30! (மார்க்கெட்டிங் ஆட்கள் இந்த மாதிரி விஷயத்துக்குத்தான் தூக்கம் கெடுவார்கள்.) அன்றைய கணக்கில் சுமார் 200 ரூபாய். சிப்களை விற்றே உலகப் பெரும் கம்பெனிகளில் ஒன்றாக இருப்பவர்கள், ஒரு காபி விலைக்கு போர்டு தருகிறார்கள். அதே வருடம் செப்டம்பரில் ஆர்டுயினோ யூனோ வந்தது. விலை சுமார் 30 டாலர். ஏழு மடங்கு!

யார் ஜெயித்தது என்று சொல்ல வேண்டியதில்லை. லாஞ்ச்பேட் செத்துப்போகவில்லை, காலேஜ் லேப்களிலும் கம்பெனிகளிலும் நன்றாகவே இடம் பிடித்தது. ஆனால் யாரைக் குறிவைத்து அந்த விலையை வைத்தார்களோ, அந்த ஹாபி ஆசாமி 30 டாலர் கொடுத்து யூனோவைத்தான் வாங்கினார்.

ஏன்? இரண்டையும் மேஜையில் வைத்துப் பார்த்தால் புரியும். லாஞ்ச்பேடுக்கு முதலில் நூற்றுக்கணக்கான எம்.பி. கொண்ட மென்பொருளை இறக்க வேண்டும். இலவசப் பதிப்பில் இவ்வளவு கே.பி.க்கு மேல் எழுத முடியாது என்று ஒரு பூட்டு. விண்டோஸ் தவிர வேறு எதற்கும் கம்பெனியிடம் அப்போது கருவி கிடையாது. இதைத் தாண்டி ஒரு எல்.இ.டி.யை மினுக்க வைக்கப் போனால், எழுத வேண்டிய முதல் வரி எல்.இ.டி.யைப் பற்றியதே அல்ல. சில்லுக்குள் இருக்கும் 'வாட்ச்டாக்' என்ற காவல் கடிகாரத்தை நிறுத்தும் வரி. அதை நிறுத்தாவிட்டால் சில்லு தன்னைத்தானே ரீசெட் செய்துகொண்டே இருக்கும். எதற்கு வாட்ச்டாக் என்று தெரிந்துகொள்ள நூறு பக்கத்துக்கு மேல் நீளும் கையேட்டைப் புரட்ட வேண்டும். அதற்கடுத்த வரியில் ரெஜிஸ்டர் பெயரும் ஹெக்ஸ் எண்ணும். என்ஜினியருக்கு இது சாதாரணம். ஓவியம் வரைகிறவருக்கு, பள்ளிக்கூடத்துப் பையனுக்கு, கேரேஜில் நோண்டுகிற தாத்தாவுக்கு இது கதவைச் சாத்துகிற வேலை.

யூனோவில் 13-ஆம் நம்பர் பின்னுக்கு ஒரு எல்.இ.டி. ஏற்கெனவே ஒட்டப்பட்டிருந்தது. மென்பொருளில் எடுத்துக்காட்டு என்ற மெனுவுக்குப் போய் 'பிளிங்க்' என்பதைத் திறந்து, ஒரு பட்டனை அமுக்கினால் விளக்கு மினுக்கும். விண்டோஸ், மேக், லினக்ஸ் எதுவானாலும் சரி. தகராறு வந்தால் பிழைச் செய்தியை அப்படியே கூகிளில் போட்டால், அதே தகராறு வந்த நாலு பேர் எழுதி வைத்திருப்பார்கள். அந்த நாலு பேருக்குத்தான் ஹாபிக்காரர் கூடுதலாக 25 டாலர் கொடுத்தார்.

இது டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸுக்கும் பிறகு புரியாமல் இல்லை. 2012-இல் ஆர்டுயினோவின் மென்பொருளை எடுத்து லாஞ்ச்பேடுக்குத் தோதாக மாற்றி 'எனர்ஜியா' என்று ஒன்றை ஆர்வலர்கள் கொண்டுவந்தார்கள். கம்பெனியும் அதற்குத் தோள் கொடுத்தது. 2013-இல் போர்டு விலை 9 டாலர் 99 சென்ட் ஆகிவிட்டது. விலையைக் குறைத்துச் சந்தை பிடிக்க வந்தவர்கள் விலையை ஏற்றி, எதிராளியின் மென்பொருளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். இதைவிட நல்ல ஒப்புதல் வாக்குமூலம் வேண்டுமா?

ஆர்டுயினோ பிறந்த இடத்தையும் பார்க்க வேண்டும். இத்தாலியில் இவ்ரியா என்ற ஊர். ஒரு காலத்தில் ஒலிவெட்டி டைப்ரைட்டர் செய்த ஊர். அங்கே ஒரு டிசைன் கல்லூரி. மாணவர்கள் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள் அல்லர். பொருள்களை வடிவமைக்கப் படிக்கிறவர்கள். அவர்களுக்குப் பாடம் நடத்த 'பேசிக் ஸ்டாம்ப்' என்ற போர்டு இருந்தது, சுமார் 50 டாலர். 2003-இல் எர்னாந்தோ பர்ரகான் என்ற கொலம்பிய மாணவர் தன் முதுகலை ஆய்வுக்காக 'வயரிங்' என்ற போர்டையும் மென்பொருளையும் செய்தார். ஓவியர்களுக்காகச் செய்யப்பட்ட 'பிராசஸிங்' என்ற மென்பொருள்தான் அதற்கு முன்மாதிரி. 2005-இல் ஆசிரியர் மாசிமோ பான்சியும் கூட்டாளிகளும் அதை இன்னும் மலிவான சில்லுக்கு மாற்றி ஆர்டுயினோ என்று பெயர் வைத்தார்கள். (பர்ரகானுக்கு உரிய பெயர் கிடைத்ததா என்பது தனிப் பஞ்சாயத்து. கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.) விலைக்கு அவர்கள் வைத்துக்கொண்ட அளவுகோல் என்ன தெரியுமா? பீட்சாக் கடையில் ஒரு வேளைச் சாப்பாடு. அதைவிடக் கீழே இறக்க வேண்டும் என்று மெனக்கெடவே இல்லை.

கவனிக்க வேண்டியது, சந்தை அங்கே போர்டுக்கு முன்பே உட்கார்ந்திருந்தது. வகுப்பில் இருபது முப்பது பேர், எதிரே ஒரு வாத்தியார், வாரக் கடைசியில் ஒப்படைக்க வேண்டிய வேலை. அந்த வகுப்புக்கு உடைந்த இடமெல்லாம் சரிசெய்யப்பட்டுத்தான் போர்டு வெளியே வந்தது. 2007-இல் வந்த மாடலுக்கு 'தியெசிமிலா' என்று பெயர். இத்தாலியில் பத்தாயிரம் என்று அர்த்தம். பத்தாயிரம் போர்டு செய்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் வைத்தது. இரண்டு வருடத்தில் பத்தாயிரம். இன்றைக்கு ஒரு 'உலகின் மலிவான போர்டு' கம்பெனி இந்த எண்ணை முதலீட்டாளரிடம் காட்டினால் கடையைக் கட்டச் சொல்லிவிடுவார்கள்.

விலை வாதிகள் உடனே ஒரு சீட்டை எடுத்துப் போடுவார்கள்: இ.எஸ்.பி.8266. நியாயமான சீட்டுதான். 2014-இல் சீனாவின் எஸ்பிரெஸிஃப் கம்பெனியின் சில்லோடு சில டாலருக்கு ஒரு குட்டி போர்டு வந்தது. ஆங்கிலத்தில் கையேடு கிடையாது. முதல் நாள் சாயங்காலம் என்று பார்த்தால் லாஞ்ச்பேடைவிடக் கொடுமை. ஆனாலும் காட்டுத்தீ மாதிரி பரவியது. மலிவு ஜெயித்துவிட்டதே?

அது மலிவு போர்டாக ஜெயிக்கவில்லை. அதில் வைஃபை இருந்தது. அன்றைக்கு ஆர்டுயினோவுக்கு வைஃபை வேண்டுமென்றால் மேலே மாட்டும் ஷீல்டு ஒன்றை வாங்க வேண்டும். அந்த ஷீல்டின் விலை போர்டின் விலையைவிட அதிகம். யாராலும் செய்ய முடியாத ஒரு காரியத்தை இது செய்தது. அப்படி ஒரு காரியம் இருந்தால் ஜனங்கள் சீன மொழி டேட்டாஷீட்டைக்கூட உட்கார்ந்து மொழிபெயர்ப்பார்கள். மொழிபெயர்த்தார்கள். அப்புறமும், 2015-இல் ஆர்டுயினோ மென்பொருளிலிருந்தே இதற்கு எழுதலாம் என்று ஆன பிறகுதான் பள்ளிக்கூடப் பையன் கை வரைக்கும் வந்தது. எல்.இ.டி. மினுக்குவதையே இன்னொரு 2 டாலர் குறைவாகச் செய்கிறவர்கள் இந்தக் கதையைத் தங்களுக்குச் சாட்சியாகக் கூப்பிடுவது ரொம்ப அநியாயம்.

குறைந்த விலை இருக்கட்டும், ஓசியில் கொடுத்தாலும் ஓடாது என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2013 அக்டோபரில் இன்டெல் 'கலிலியோ' போர்டை ரோம் நகரத்தில் அறிவித்தது. ஆர்டுயினோவோடு கைகோத்தே வந்தது. உலகம் முழுக்க 1,000 பல்கலைக்கழகங்களுக்கு 50,000 போர்டுகளை இலவசமாகக் கொடுப்பதாகவும் சொன்னார்கள். 2017-இல் கலிலியோ, எடிசன், ஜூல் என்று வரிசையாக எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். அடுத்த மாதமே ஆர்டுயினோ 101-க்கும் அதே கதி. இன்டெல்லிடம் பணம் இல்லையா, பெயர் இல்லையா? வாத்தியாருக்கு அந்த போர்டால்தான் நடத்த முடியும் என்கிற ஒரு பாடம் இல்லை. அவ்வளவுதான். அதை நம்பிப் பாடத்திட்டம் எழுதி வைத்தவர்கள் பாடு திண்டாட்டம். ஹாபிக்காரர் ஒரு போர்டை எடுப்பதற்கு முன் 'இது ஐந்து வருடம் கழித்தும் இருக்குமா?' என்று யோசிப்பதற்கு இந்த மாதிரிக் கம்பெனிகள்தான் காரணம்.

இதே ஓசி இங்கிலாந்தில் ஓடியது. 2016-இல் பி.பி.சி. 'மைக்ரோபிட்' என்ற போர்டை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, சுமார் 10 லட்சம் பேருக்கு, இலவசமாகக் கொடுத்தது. அந்த போர்டிலேயே 25 எல்.இ.டி., இரண்டு பட்டன், அசைவை அறியும் சென்சார், திசைகாட்டி எல்லாம் இருந்தன. தனியாக ஒரு ஒயர்கூட வாங்க வேண்டாம். மலிவு போர்டுக்காரர்கள் மறைக்கிற விஷயம் இங்கேதான் இருக்கிறது. 4 டாலர் போர்டு 4 டாலரில் முடிவதில்லை. பிரெட்போர்டு, ஜம்பர் ஒயர், ரெசிஸ்டர், சென்சார், யு.எஸ்.பி. ஒயர் என்று வாங்கி முடிப்பதற்குள் போர்டு விலையைப் போல மூன்று மடங்கு போயிருக்கும். மைக்ரோபிட் மலிவான போர்டு இல்லை. பெட்டியைத் திறந்த ஐந்தாவது நிமிடம் பிள்ளையின் பெயர் அதில் ஓடியது. அதைக் கொடுத்ததோடு நிற்காமல் ஒரு அறக்கட்டளையும் வைத்துப் பாடங்கள், ஆசிரியர் பயிற்சி என்று தொடர்ந்தார்கள்.

2021 ஜனவரியில் ராஸ்பெரி பை 'பிக்கோ' 4 டாலருக்கு வந்து சக்கைப்போடு போட்டது என்பதும் உண்மை. அதை வாங்கியவர்களைக் கேட்டால் விலையைச் சொல்வார்கள். ஆனால் முதல் நாளே தெளிவான கையேடு இருந்தது, கோப்பை இழுத்து ஒரு யு.எஸ்.பி. டிரைவில் போடுவதுபோல் போட்டால் புரோகிராம் ஏறியது, பைத்தான் தெரிந்தவர் பைத்தானிலேயே எழுதலாம், அடாஃப்ரூட், ஸ்பார்க்ஃபன், பிமொரோனி, ஏன் ஆர்டுயினோவேகூட அதே சில்லை வைத்துத் தங்கள் போர்டுகளை அறிவித்திருந்தன. ஒன்பது வருடமாகச் சேர்த்த கூட்டத்தின் நடுவில் 4 டாலர் என்று கூவினால் காதில் விழும். நடுரோட்டில் நின்று கூவினால்? அந்தக் கூட்டமும்கூட வெறும் ஹாபிக் கூட்டம் இல்லை. 2024-இல் லண்டன் பங்குச்சந்தைக்கு வந்தபோது ராஸ்பெரி பையே சொன்ன கணக்குப்படி, விற்பனையில் 70 விழுக்காட்டுக்கு மேல் தொழிற்சாலைகளுக்கும், பொருள்களுக்குள் பொருத்துகிற கம்பெனிகளுக்கும் போகிறது. படிக்கிற காலத்தில் அதைத் தொட்டுப் பார்த்தவர், வேலைக்குப் போன இடத்தில் அதையே ஆர்டர் போடுகிறார்.

நம் ஊரில் இது எப்படி நடக்கிறது என்று பார்க்க சென்னை ரிச்சி தெருவே போதும். ஃபைனல் இயர் பிராஜக்ட் சீசனில் போய் நின்றால், "அண்ணா, யூனோ இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். "ஒரிஜினலா, குளோனா?" என்பது மட்டுமே பதில் கேள்வி. குளோன் பாதிக்கும் கீழே கிடைக்கும், பையன் அதைத்தான் எடுப்பான். பார்த்தீர்களா, விலைதானே ஜெயித்தது என்று குதிக்கக் கூடாது. "அண்ணா, எல்லாத்தையும்விட சீப்பான மைக்ரோகண்ட்ரோலர் போர்டு எது?" என்று அவன் கேட்கவில்லை. யூனோ என்பது கடைக்கு வருவதற்கு முன்பே முடிவாகிவிட்டது. சீனியர் வைத்திருந்தார், கைடு சொன்னார், யூட்யூபில் அதற்குத்தான் வீடியோ இருக்கிறது. எந்த போர்டு என்பது முடிவான பிறகு யாரிடம் வாங்குவது என்பதில்தான் விலைக்கு வேலை. இந்த வித்தியாசம் தெரியாமல் குளோன் விலையோடு போட்டி போடுகிறேன் என்று புதுப் பெயரில் புது போர்டோடு இறங்குகிறவர், கடைக்காரர் அலமாரியில் தூசி படிய ஒரு பொருளைத் தயாரிக்கிறார்.

8051-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இன்டெல் அதை 1980-இல் கொண்டுவந்தது. தலைமுறைகள் மாறின. ஆனாலும் அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் இடம் இருந்ததால் காலேஜ் லேப்களில் அதன் டிரெயினர் கிட்கள் ஹெக்ஸ் கீபோர்டோடு ஜம்மென்று உட்கார்ந்திருந்தன. சந்தை எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன அடையாளம் வேண்டும்?

ஷாம்பூ சாஷே கதையைச் சொல்லாமல் இந்த வாதம் முடியாது. விலை வாதிகளே அதை முதலில் இழுப்பார்கள். கடலூரில் பிறந்த யோசனை, சிக் ஷாம்பூ அதை வைத்து ஊர் ஊராகப் போனது, சின்ன பாக்கெட், சின்ன விலை, பெரிய சந்தை. எல்லாம் சரி. அந்தக் கம்பெனி ஆட்கள் கிராமங்களுக்குப் போய், ஒரு பையனை உட்காரவைத்து, தலையில் போட்டுத் தேய்த்து, அலசிக் காட்டினார்களே, அது மட்டும் ஏன் எல்லோருக்கும் மறந்துபோகிறது?

இப்போது இந்தியச் சில்லுகள் வருகின்றன. சென்னை ஐ.ஐ.டி.யில் 'சக்தி', சி-டாக் நிறுவனத்தில் 'வேகா'. வேகா வரிசையில் 'தேஜஸ்32' என்ற சில்லை வைத்து 'ஏரீஸ்' என்று ஆர்டுயினோ மாதிரியே போர்டும் செய்திருக்கிறார்கள். 100 மெகாஹெர்ட்ஸ், 256 கே.பி. ரேம். யூனோவுக்கு 16 மெகாஹெர்ட்ஸ், 2 கே.பி. காகிதத்தில் யூனோவைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஆர்டுயினோ மென்பொருளிலிருந்தே எழுதலாம் என்று வழியும் வைத்திருக்கிறார்கள், அதுவரைக்கும் புத்திசாலித்தனம். ஆனால் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் வாயில் வருவது இரண்டே வார்த்தை: சுதேசி, மலிவு. மறுபடியும் லாஞ்ச்பேட் கதை! சுதேசி என்பதற்காக ஒருவர் ஒரு போர்டு வாங்குவார். அதில் ஒரு டிஸ்பிளேவை மாட்டி, அதற்கான லைப்ரரி யூனோவின் சில்லுக்கென்றே எழுதப்பட்டதால் ஓடாமல், கேட்க ஆளில்லாமல் போனால், இரண்டாவது போர்டு வாங்க மாட்டார்.

அதற்குத் தேவையான காரியம் ஆகாயத்தில் இல்லை. ரிச்சி தெருவில் அதிகம் விற்கிற ஐம்பது சென்சார், டிஸ்பிளே, மோட்டார் டிரைவர்களை வாங்கி வந்து, ஒவ்வொன்றும் இந்த போர்டில் ஓடுகிறதா என்று பார்த்து, ஓடாததை ஓடவைத்துவிட்டு அப்புறம் விற்கட்டும். சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிகிற பர்ச்சேஸ், நாலு நல்ல பிள்ளைகளுக்கு ஒரு செமஸ்டர் வேலை. இந்த வேலைக்குப் பட்ஜெட் ஒதுக்காமல் சிப்பை இன்னும் 20 ரூபாய் எப்படிக் குறைக்கலாம் என்று கமிட்டி போடுவது வீண்.

பள்ளிக்கூடங்கள் என்றால் கதவு திறந்தே இருக்கிறது. நிதி ஆயோக் 2016 முதல் அடல் டிங்கரிங் ஆய்வகங்களைப் பள்ளிகளில் அமைத்தது, பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை. பத்தாயிரம் பள்ளிகளுக்கு வந்துவிட்டது. 2025 பட்ஜெட்டில், அடுத்த ஐந்து ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் இன்னும் 50,000 என்று அறிவித்தார்கள். ஒரு பள்ளிக்கு இருபது போர்டு என்று வைத்தாலும் பத்து லட்சம் போர்டு. இங்கிலாந்தில் பி.பி.சி. கொடுத்த அதே எண்ணிக்கை. இந்தப் பத்து லட்சத்தை டெண்டரில் 'குறைந்த விலை' என்ற ஒற்றைக் கட்டத்தை வைத்து நிரப்பினால், போர்டுகள் பீரோவுக்குள் போகும், சாவி ஹெச்.எம். ரூமுக்குப் போகும். டெண்டரில் போர்டோடு சேர்த்து மூன்று பொருளைக் கேட்கட்டும்: சர்க்யூட் படங்களோடு அந்தந்த மாநில மொழியில் இருபது பயிற்சிகள், அறிவியல் டீச்சருக்கு மூன்று நாள் வகுப்பு, பள்ளி நேரத்தில் போன் எடுத்து அவர் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு ஆள். போர்டு விலை 100 ரூபாய் கூடும். கூடட்டும்.